அண்ணி சேர்த்த ஒரு மணி

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவது அண்ணி. ஒரு வாரத்துத் துணி: அண்ணனின் நீல வேலைச் சட்டைகள் ஆறு, அண்ணி அலுவலகத்துக்கு உடுத்துபவை, என் புடவைகள், தலையணை உறைகள்கூட. தலையணை உறைக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால், "தலை வைக்கிற இடம் கசங்கியிருந்தா தலைக்குள்ளயும் கசங்கும்" என்பாள். இந்த வருஷ ஆரம்பத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவாள். ஆறுக்கு ஒரு நிமிஷம் முன்னால் பிளக்கைச் செருக மாட்டாள். ஏழுக்கு மேல் ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சூடு வைத்திருக்க மாட்டாள். அந்த ஒரு மணி நேரம்தான் மின்சாரம் அடிமாட்டு விலைக்குப் போகும் நேரம்.

எங்களுக்கு அல்ல. எங்கள் வீட்டு மீட்டருக்கு எல்லா மணியும் ஒரே கட்டணம்தான். மலிவு என்பது, நான்கு நாடுகள் சேர்ந்து ஒன்றுக்கொன்று மின்சாரம் விற்று வாங்குகிற பெரிய சந்தையில்.

"அப்புறம் எதுக்கு அண்ணி விடியக்காலையில எழுந்து உயிரை விடறீங்க?" என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"விலை கம்மியா இருக்கிற நேரம், யாருக்கும் வேண்டாத நேரம். வேண்டாதப்ப எடுத்துக்கிட்டா யாருக்கும் பாரமில்ல. ஒரு மரியாதைதான்."

"கரண்ட்டுக்கு மரியாதை குடுக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

"ஒரு தடவை தொட்டுப் பாரு, நீயும் குடுப்பே" என்று போர்வைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வரும். அவன் லிஃப்ட் மெக்கானிக். அனுபவஸ்தன்.

அவர்கள் இருவரும் சந்தித்ததே லிஃப்டில்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணி வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். அண்ணன் கதவை நெம்பித் திறந்தபோது நான்கு பேர் அவனைத் திட்டினார்கள். ஐந்தாவது ஆள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். போன மாதத்தில் அந்த லிஃப்ட் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நின்றது என்று அதில் எழுதியிருந்தது. "புதன்கிழமை பதினொரு மணிக்கு மேலதான் நிக்குது. மேல கேன்டீனுக்கு சிலிண்டர் ஏத்தற நேரம். எடை தாங்கலை" என்றாளாம். எடைதான். "அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான். சுதாரிக்கவில்லை, அடுத்த புதன்கிழமை யாரும் கூப்பிடாமலே லிஃப்டைப் பார்க்கப் போயிருக்கிறான்.

தெருவில் அவளுக்குக் 'கரண்ட்டக்கா' என்று பெயர். கரண்ட் போனால் முதல் தட்டு எங்கள் கதவில்தான் விழும்.

"கரண்ட்டக்கா, எப்ப வரும்?"

"வரும். ஆனா எனக்குத் தெரியாது. நான் விலை பாக்கிறவ."

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். வாய் சும்மா இருக்காது. "இல்லாத கரண்ட்டுக்கு என்னம்மா விலை?" என்றார் ஒரு நாள், கையில் மெழுகுவத்தியோடு. கிண்டல்தான். அண்ணி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "அதுக்குத்தான் இருக்கறதிலேயே அதிக விலை" என்று சொல்லி, வாசலிலேயே நின்று கால் மணி நேரம் விளக்கினாள். மெழுகுவத்தி பாதியானது. அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டில் எதையும் கேள்வியாகக் கேட்பதில்லை.

அண்ணியின் வேலையை எனக்குப் புரியவைத்தது தக்காளி.

"ஒரு தெருவுல நாலு காய்கறிக் கடை. அதுல ரெண்டு கடைக்கு ஒரே முதலாளி. ஒரு நாள் ஷட்டர் கெட்டுப்போச்சுன்னு ஒரு கடையை மூடிடறார். என்ன ஆகும்?"

"இன்னொரு கடையில தக்காளி விலையை ஏத்துவார்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மலிவா கிடைச்சா?"

"அங்க போய் வாங்குவோம்."

"பாலம் குறுகல். ஒரு குறிப்பிட்ட நேரத்துல வண்டி நெரிசல், போக முடியாது. சரியா அந்த நேரம் பாத்து ஷட்டர் கெட்டா?"

"கெடலை. கெடுத்திருக்கார்."

"அவசரப்படாதே. கெட்டுதா, கெடுத்தாரான்னு பாக்கிறதுதான் என் வேலை."

பாலம் என்று அவள் சொன்னது எல்லை தாண்டிப் போகும் மின்கம்பி லைன். கடைகள் என்பது மின்நிலையங்கள். விற்கிறவர்கள் ஒவ்வொரு நாளும் நண்பகலுக்குள், மறுநாளின் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு மின்சாரம், என்ன விலைக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது வேண்டுமென்றே ஒதுக்கி வைத்து விலையை ஏற்றுகிறார்களா, இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்களா என்று பார்ப்பதற்கு நான்கு நாடுகளும் சேர்ந்து ஒரு கண்காணிப்புப் பிரிவை வைத்திருந்தன. ஆறு பேர். நாலாவது மாடி. அண்ணிதான் மூத்தவள், ஆனால் தலைவர் இல்லை. தலைவர் அவளைவிட ஏழு வயது இளையவர்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். வெயில் நேராகத் திரையில் விழுகிறது, ஒரு எழுத்தும் தெரியவில்லை என்று அண்ணி சொன்னதால் ஜன்னலுக்குத் துணி தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன்; திரைச்சீலை தைப்பதுதான் என் பிழைப்பு. சுவரில் நான்கு கடிகாரங்கள். அதில் இரண்டு ஒரே நேரத்தைக் காட்டின. எதற்கு இரண்டு என்று கேட்டேன். "ஒண்ணை எடுத்தா அந்த நாட்டுக்காரர் கோவிச்சுக்குவார்" என்றாள். அவள் மேசையில் இரண்டு கணினித் திரைகளுக்கு நடுவே ஒரு இரும்பு ஸ்கேல், இருபத்துநான்கு கட்டம் அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு. எல்லாம் கணினியில் இருக்கிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் தாளில் கட்டம் கட்டமாகக் கையால் எழுதிப் பார்ப்பாள். "கண்ணு ஏமாறும், கை ஏமாறாது" என்பது அவள் கட்சி.

கை ஏமாந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பிரிவு யாரையும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. கடிதம் போடுவார்கள், விளக்கம் வரும், எச்சரிக்கை போகும், அதோடு சரி. எலி பிடிக்காத பூனைக்குப் பால் எதற்கு என்று மேலே உள்ள நான்கு நாட்டுக் குழுவில் முணுமுணுப்பு இருந்தது. அண்ணிக்கு அது உறைக்கும். "பூனை இருக்கிற வீட்டுக்கு எலி வர்றதில்ல. வராத எலியை எப்படி எண்ணிக் காட்டறது?" என்று அண்ணனிடம் கேட்பாள். அண்ணன், "வாலை மட்டும் எண்ணிக் காட்டு" என்பான். அவன் தலையில் ஒரு தலையணை வந்து விழும். இஸ்திரி போட்ட உறையோடு.

இனி மணிக்கணக்கு. எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகம் மணியை முடிந்த கணக்கில் சொல்லும். இந்தப் பக்கம் நடக்கிற கணக்கு. பிள்ளைக்கு வயசு சொல்வதுபோலத்தான்: நாலு முடிந்தது என்பார் ஒருவர், அஞ்சு நடக்கிறது என்பார் இன்னொருவர், பிள்ளை ஒன்றுதான். இரவு ஏழிலிருந்து எட்டு வரை உள்ள மணியை அவர்கள் பத்தொன்பது என்று எழுதுவார்கள், பத்தொன்பது மணி முடிந்துவிட்டதால். இங்கே அது இருபதாவது மணி. ஆகவே லைன் எப்போது நிரம்பியது, விலை என்ன என்று அங்கிருந்து வரும் கோப்பைத் திறந்ததும் அண்ணி செய்யும் முதல் காரியம், எல்லா மணியோடும் ஒன்று சேர்ப்பது. பதினைந்து வருஷப் பழக்கம். சுவிட்சைத் தொடும் முன் ஈரக் கையை முந்தானையில் துடைப்பதுபோல, யோசிக்காமல் நடக்கும்.

அந்தக் கோப்பை அனுப்புகிறவரை நாங்கள் 'அக்கரைக்காரர்' என்போம். அண்ணி அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் மூத்த பெண்ணின் படிப்பு, மனைவியின் முட்டிவலி, ஒழுகுகிற மாடி, எல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை ஃபோனில் பத்து நிமிஷம் வேலை, இருபது நிமிஷம் முட்டி.

போன டிசம்பரில் எனக்குப் பித்தப்பையில் கல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சலைன் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணி, நேற்றைவிட நாலு குறைவு என்று நர்ஸிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். கூடப் பிறந்தவன் அண்ணன். அவன் பழம் வாங்கிக்கொண்டு வந்து, மூக்கைப் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவான். ஆஸ்பத்திரி வாடை அவனுக்கு ஆகாது. ஒன்பது நாளும் என் தலையை வாரிவிட்டது அண்ணிதான்.

ஜனவரியிலிருந்து வீட்டில் ஒரு சின்ன மாற்றம். அதுவரை ஐந்து மணிக்கு நடந்துகொண்டிருந்த இஸ்திரி ஆறுக்கு மாறியது. மதியம் ஒரு மணிக்கு ஓடிய துவைக்கும் இயந்திரம் இரண்டுக்கு ஓடியது. "இந்த வருஷம் விலை ஒரு மணி தள்ளிப் போயிருக்கு. கடைங்க எல்லாம் லேட்டா மூடறாங்க இல்ல, ஜனங்க லேட்டா தூங்கறாங்க, லேட்டா எழுந்திருக்கறாங்க" என்று அண்ணி காரணமும் சொன்னாள். அண்ணனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். அவன் ஏன் கேள்வி கேட்கப் போகிறான்?

இந்த வருஷ ஆரம்பத்தில்தான் அணைக்காரர்கள் சிக்கினார்கள். எல்லைக்கு அப்பால் பெரிய அணை வைத்திருக்கும் ஒரு கம்பெனி. இந்தப் பக்கமும் அவர்களுக்கு ஒரு எரிவாயு நிலையம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை, நாற்பத்தொரு நாள், சரியாக இருபதாவது மணியில் இந்தப் பக்கத்து நிலையம் உற்பத்தியைக் குறைத்திருக்கிறது. அதே இருபதாவது மணியில் லைன் நிரம்பி வழிந்திருக்கிறது. வெளியிலிருந்து மலிவாக ஒன்றும் வர முடியாது. விலை எகிறியிருக்கிறது. பாலத்தில் நெரிசல், அந்த நேரம் பார்த்து ஷட்டர். இதைவிடத் துல்லியமாக யாரும் மாட்டிக்கொள்ள முடியாது.

விளக்கம் கேட்டதற்கு, அது ஷிஃப்ட் மாறும் நேரம், அதனால்தான் குறைக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து இரண்டு வரி பதில் வந்தது. அண்ணி அதைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அறுபத்திரண்டு பக்க அறிக்கை. மே மாதம் கையெழுத்தாகிப் போனது. ஜூனில் ஒரு புதன்கிழமை நான்கு நாட்டுக் குழுவின் முன்னால் விசாரணை. அதே கூட்டத்தில்தான் பிரிவை வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்றும் முடிவெடுக்கப் போகிறார்கள். அண்ணி ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா வாங்கி வந்தாள். "கடைசியில வால் கிடைச்சுதா?" என்றான் அண்ணன். "முழு எலி" என்றாள் அண்ணி.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எனக்காக ஒரு மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த ஞானம்.

"வயசு?"

"அம்பதுன்னு போடு."

"முடிஞ்ச அம்பதா? அப்ப அம்பத்தொண்ணு நடக்குது. இவங்க நடக்கிற வயசுதான் கேக்கறாங்க."

"அண்ணா, நாப்பத்தொம்பதுதான் முடிஞ்சிருக்கு. நானே ஒண்ணு சேத்துத்தான் அம்பதுன்னு சொன்னேன். நீ மேல ஒண்ணு சேத்து என்னைக் கிழவியாக்காதே!"

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கை சட்டையின் இடது தோளில் நின்றுவிட்டது. கருகப் போகிறதே என்று நான் எழுந்தேன். அதற்குள் அவளே பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றினாள். மணி ஆறு இருபதுதான். தலையில் இடி விழுந்தாலும் வயரைச் சுற்றிவிட்டுத்தான் விழ விடுவாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் என்னிடம்.

"எதை அண்ணி?"

"இப்ப சொன்னதை."

"நானே ஒண்ணு சேத்துத்தான் சொன்னேன், நீ மேல..."

அவள் தன் அறைக்குப் போனாள். தாள் எடுக்கும் சத்தம், ஸ்கேல் வைக்கும் சத்தம். எட்டு மணிக்கு அக்கரைக்காரருக்கு ஃபோன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கட்டம் எழுதிக்கொண்டே பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமையுமா? என்னம்மா, முட்டியை விசாரிக்கவா?" என்றார் அவர்.

"நீங்க அனுப்பற கோப்புல மணியை எந்தக் கணக்குல போடறீங்க?"

"உங்க கணக்குலதான். ஜனவரியிலேருந்து மாத்திட்டோமே! புது மென்பொருள் வந்துது. நீங்க வருஷக்கணக்கா கையால ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டு இருக்கீங்க, பாவம், அந்தச் சிரமம் வேண்டாமேன்னு நாங்களே சேத்து அனுப்பறோம். நான்தான் சொல்லி மாத்தவெச்சேன். கடிதம் போட்டோமே, டிசம்பர்லயே. வரலையா?"

ஸ்கேலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்திருக்கும்" என்றாள். "ரொம்ப நன்றி. முட்டி எப்படி இருக்கு?"

எனக்கே புரிந்துவிட்டது. அவர் ஒன்று சேர்த்து அனுப்பியதில் இவள் இன்னொன்று சேர்த்திருக்கிறாள். இருபத்துநாலைத் தாண்டியது மறுநாளின் முதல் கட்டத்துக்குப் போய்விட்டதால் கண்ணில் படவில்லை. லைன் உண்மையில் நிரம்பியது ஆறிலிருந்து ஏழுக்குள், பத்தொன்பதாவது மணியில். அணைக்காரர்கள் குறைத்தது ஏழுக்கு மேல். அதற்குள் லைனில் இடம் வந்துவிட்டது. இங்கே குறைந்ததை அந்தப் பக்கத்து மலிவு மின்சாரம் வந்து நிரப்பியிருக்கிறது. விலை ஏறவில்லை. அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ஷட்டர் கெடும்போது பாலம் காலியாகக் கிடந்திருக்கிறது. அறுபத்திரண்டு பக்கமும் ஒரு மணி பிசகு. நாங்கள் ஐந்து மாதமாகத் துணி துவைத்த நேரமும் பிசகு.

அன்று மூன்று மணிக்குப் பிரிவுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அண்ணிதான் கூப்பிட்டிருந்தாள். முன்னறையில் நாற்காலி மேல் கிடந்த திரைத்துணி மூட்டையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, நான் மூலையில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். நெற்றியை அடிக்கடி துடைத்துக்கொண்டார். மேசையில் அண்ணி தட்டச்சு செய்து வைத்த ஒரு பக்கக் கடிதம். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று.

"மேடம், வெள்ளிக்கிழமையே அவங்க வக்கீல் எழுதிக் குடுத்துட்டார். தப்பை ஒத்துக்கலை, ஆனா அபராதம் கட்டி முடிச்சுக்கறோம்னு. அவங்களுக்கே இது தெரியலை. அக்கரைக்காரர் சொல்ல மாட்டார். உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"என் நாத்தனாருக்கும் தெரியும்" என்றாள் அண்ணி.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றான் அண்ணன், டம்ளர் கழுவிக்கொண்டே, சமையலறையிலிருந்து.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். இனித் தாழ்த்தி என்ன ஆகப் போகிறது? "புதன்கிழமை நம்ம பிரிவு வேணுமா வேண்டாமான்னு பாக்கப் போறாங்க. கையில இருக்கறது இது ஒண்ணுதான். ஆறு பேர் மேடம். கடைசியா சேந்தவருக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு."

"தெரியும். தொட்டில் வாங்க நான்தான் கூடப் போனேன்."

"அவங்க என்ன, யோக்கியனுங்களா? செய்யாத தப்புக்கு எவனாவது கட்டறேன்னு வருவானா? வேற எதையோ மறைக்கறாங்க."

"இருக்கலாம். அதைக் கண்டுபிடிச்சா அதுக்கு எழுதறேன். என் தாள்ல இருபத்துநாலு கட்டம்தான் இருக்கு. ஊகத்துக்குன்னு இருபத்தஞ்சாவது கட்டம் கிடையாது."

"ஒரு மணி நேரம் மேடம். ஒரே ஒரு மணி நேரத்துக்காகப் பதினெட்டு வருஷத்தைத் தூக்கிப் போடறதா?"

"கெட்டுதா, கெடுத்தாரான்னு பாக்கத்தான் நம்மளை உக்காத்தி வெச்சிருக்காங்க. கெட்டதைக் கெடுத்ததுன்னு நாமளே சொன்னா, நம்மளை யார் பாக்கறது?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் ஒரு படி இறங்கும். "டீ ஆறுது, குடிங்க."

அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பேனாவைத் தேடினார். சட்டைப் பையில் எல்லோருக்கும் தெரியும்படி குத்தியிருந்தது. ஆனாலும் மற்ற மூன்று பையிலும் தேடிவிட்டுத்தான் அதை எடுத்தார். அண்ணியின் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார்.

"நீங்க போட வேண்டாம். தப்பு என்னோடது" என்றாள் அண்ணி.

"அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கே மேடம். நானும்தானே படிச்சேன். அறுபத்திரண்டு பக்கமும் படிச்சுட்டு, பிரமாதம்னு வேற சொன்னேன்."

புதன்கிழமை அண்ணன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனது அந்தப் பாதி இஸ்திரிச் சட்டையை. ஒரு கை மழமழவென்று, ஒரு கை கசங்கல். வேறு சட்டை இருந்தது. கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றான். அவன் ஆறுதல் சொல்கிற விதம் அப்படி.

அண்ணி ஏழு மணிக்குத் திரும்பினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முகம் கழுவினாள். நானும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"என்ன சொன்னாங்க?"

"இது தப்புன்னா, இத்தனை வருஷம் நீங்க சரின்னு சொன்னதெல்லாம் சரியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?" என்றான் அண்ணன்.

"டிசம்பர் வரைக்கும் சரி. ஜனவரியிலேருந்து எல்லாத்தையும் மறுபடி பாக்கணும், மூணு வாரம் வேணும்னு சொன்னேன். குடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் பிரிவை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவாங்களாம்." ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். "அந்தக் கம்பெனி வக்கீல் வெளியில வந்து கை குடுத்தார். எங்க இன்ஜினீயர் முதல்லேருந்து ஷிஃப்ட் மாத்தற நேரம் ஷிஃப்ட் மாத்தற நேரம்னு கத்திட்டே இருந்தாரு மேடம், நாங்களே நம்பலைன்னார்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்தாள். சிரித்ததாலோ என்னவோ.

"கடிதம் டிசம்பர்லயே வந்துதே, ஏன் படிக்கலைன்னு கேக்கலையா?" என்றேன் நான்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"படிக்கலைன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். எழுந்து சாதத்தைச் சூடு பண்ணப் போனாள்.

அந்தக் கடிதத்தின் நகல் அவள் கைப்பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவர் பையைப் பார்ப்பது என் வழக்கமில்லை. பார்த்தேன். அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரை ஊதா மையில் தெளிவாக விழுந்திருந்தது: டிசம்பர் பதினாலு. என் வயிற்றில் தையல் போட்டது பதின்மூன்றாம் தேதி. பதினாலாம் தேதி அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அலுவலகம் திரும்பியபோது மேசையில் ஒன்பது நாள் கடிதங்கள் மலையாக இருந்ததைப் பற்றி அப்போது அவளே சிரித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. "மேலாகப் புரட்டிட்டு அடியில தள்ளிட்டேன், எல்லாம் புது வருஷ வாழ்த்தா இருக்கும்னு." அந்தப் பேச்சை நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஏன் படிக்கவில்லை என்று நான்கு நாட்டுக்காரர்கள் கேட்டபோது, அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்: வீட்டில் ஒருத்திக்கு ஆபரேஷன். யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னறையில் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் விழித்தேன். சூடான துணியின் வாசனை. மணி பார்த்தேன், ஐந்து ஐந்து. விலை தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அல்லது எங்கேயும் போகவே இல்லை.

"மறுபடியும் அஞ்சு மணியா?" என்று அண்ணன் போர்வைக்குள் முனகினான். "அந்தத் தப்பை இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருந்திருக்கலாம்."

"தூங்குங்க, உங்க சட்டை கடைசியிலதான்" என்றாள் அண்ணி.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தலையணை உறை ஒன்றை நான்காக மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் ஜனவரி மாதத் தாள்கள். இஸ்திரி முடிந்ததும் அதில் உட்காருவாள். மூன்று வாரத்தில் நாலு நாள் போய்விட்டிருந்தது. நான் அடுத்த உறையை உதறி அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இன்னொன்றையும் கொடுத்தேன். நாலு நாளாகக் கேட்காமல் வைத்திருந்தது, மூன்றாவது உறையோடு வந்துவிட்டது.

"அண்ணி, அந்தக் கடிதம் வந்தது நான் ஆஸ்பத்திரியில கிடந்த வாரம்தானே?"

இஸ்திரிப் பெட்டி உறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனது. திரும்பி வந்தது.

"என்னாலதானே அண்ணி இவ்வளவும்?"

"படிக்காதது நான்" என்று சொல்லி அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கவில்லை, இன்னும் அரை மணிக்கு மேல் மலிவு நேரம் பாக்கி இருந்தது. முடித்த துணிகளை அடுக்கி, மேலே என்னுடையவற்றை வைத்து, மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலமாரி இருக்கும் உள்ளறைக்குப் போனாள்.